வங்கம் 1971 – 8: இருபது கையெழுத்துகள்

1971 ஏப்ரல் 6. டாக்காவின் மோதிஜீல் வணிகப் பகுதி. ஆதம்ஜி கோர்ட் கட்டடத்தில் இயங்கிவந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. படித்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். தூதரக அதிகாரிகள், அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனத்தின் ஊழியர்கள், தகவல் பிரிவினர் என்று மொத்தம் இருபது பேர். அனைவரும் அமெரிக்க அரசின் சம்பளக்காரர்கள். அவர்கள் கையெழுத்திட்டது தங்கள் சொந்த அரசின் மீதான குற்றச்சாட்டில்.

மார்ச் 25 இரவு டாக்கா பல்கலைக்கழக விடுதிகளிலும் ராஜர்பாக் காவலர் குடியிருப்பிலும் பழைய டாக்காவின் இந்துத் தெருக்களிலும் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய வேட்டையைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த பன்னிரண்டு நாட்களில் அந்த வேட்டை ஊர் ஊராகப் பரவியது. துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் இதையெல்லாம் வாஷிங்டனுக்கு நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார். மார்ச் 28 அன்று அவர் அனுப்பிய தந்தியின் தலைப்பிலேயே ‘தேர்ந்தெடுத்த இனப்படுகொலை’ என்ற சொற்கள் இருந்தன. அவாமி லீக் கட்சி ஆதரவாளர்களைப் பட்டியல் போட்டுத் தேடி, வீட்டிலிருந்து இழுத்துச் சென்று சுடுகிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தார். டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் கென்னத் கீட்டிங் மறுநாளே அதை ஆமோதித்துத் தானும் ஒரு தந்தி அனுப்பினார். இரண்டுக்கும் வெள்ளை மாளிகையிடமிருந்து பதில் இல்லை.

பிளட் கலகக்காரர் அல்லர். நாற்பத்தெட்டு வயது, தூதரகப் பணியில் படிப்படியாக ஏறி வந்தவர், அடுத்து எங்காவது முழுத் தூதர் பதவி கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் நிலையில் இருந்தவர். 1960களின் தொடக்கத்திலும் டாக்காவில் வேலை பார்த்திருந்ததால் நகரத்தில் நண்பர்கள் நிறைய. அந்த நண்பர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. வேறு சில வங்காளிகள் அமெரிக்கர்களின் வீடுகளில், வேலைக்காரர்களுக்கான அறைகளில் ஒளிந்திருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கக் குடும்பங்களைக் கராச்சிக்கு அனுப்பியபோது, மேற்கிலிருந்து படைகளை ஏற்றிவந்து இறக்கிய பாகிஸ்தான் விமானங்களே திரும்பும் வழியில் அவர்களைக் கூட்டிச் சென்றன. ஊழியர்களால் இதைச் சீரணிக்க முடியவில்லை.

வியட்நாம் போர் காரணமாக அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் அதிருப்தி பெருகியிருந்த காலம் அது. அரசின் கொள்கையை ஏற்காத அதிகாரிகள் அதை முறைப்படி எழுதித் தலைமைக்கே அனுப்பலாம் என்று ஒரு வழி அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. டாக்காவின் இளம் அதிகாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதியதன் சாரம் இது: மக்களாட்சி நசுக்கப்பட்டதை நம் அரசு கண்டிக்கவில்லை. கொடுமைகளையும் கண்டிக்கவில்லை. மாறாக, மேற்கு பாகிஸ்தான் அரசின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ள ஓடியாடுகிறது. சோவியத் ஒன்றியம்கூட மக்களாட்சிக்காகப் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானுக்குக் கடிதம் எழுதிவிட்ட நேரத்தில், நாம் இதை ஒரு நாட்டின் உள்விவகாரம் என்று சொல்லி ஒதுங்கி நிற்கிறோம். இது அறத்தில் நாம் திவாலாகிவிட்டதன் அடையாளம்.

பிளட் அதில் கையெழுத்திடவில்லை. அலுவலகத்தின் தலைவர் என்ற முறையில் தான் கையெழுத்திடுவது முறையாகாது என்று நினைத்தார். ஆனால் அடியில் தன் பொறுப்பில் ஒரு பத்தி சேர்த்தார். இவர்களுடைய கருத்தே என் கருத்தும். இவர்கள் இங்குள்ள அமெரிக்க அதிகாரிகளில் ஆகச் சிறந்தவர்கள். இந்தப் போராட்டம் கடைசியில் வங்காளிகளின் விடுதலையில்தான் முடியும். தோற்கப்போகிறவர் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது நமக்கே நல்லதல்ல என்று எழுதினார். எத்தனை பேர் படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ரகசிய முத்திரையையும் மிகக் கீழ்ப்படியிலேயே குத்தினார். அதனால் அந்தத் தந்தி வாஷிங்டனில் பல மேசைகளுக்குப் பரவியது. தெற்காசியாவைக் கவனித்துவந்த ஒன்பது அதிகாரிகள் அன்றே தாங்களும் அதை ஆதரிப்பதாகத் தனிக் கடிதம் கொடுத்தார்கள். வெளியுறவு அமைச்சர் வில்லியம் ராஜர்ஸ் பதறிப்போய் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சருக்குத் தொலைபேசி போட்டார். இருவருடைய கவலையும் ஒன்றுதான்: இது பத்திரிகைக்காரர்கள் கையில் கிடைத்துவிடக் கூடாது.

அமெரிக்க அதிபர் நிக்ஸனுக்கும் கிஸ்ஸிஞ்சருக்கும் அப்போது யாஹியா கான் தேவைப்பட்டார். சீனாவோடு ரகசியமாகப் பேசுவதற்கு அவர்தான் தூதுவழி. அந்த ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் இஸ்லாமாபாத்துக்கு வந்து, வயிற்று வலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு பீக்கிங்குக்குப் பறந்தது பின்னால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஏப்ரல் 28 அன்று தன் முன் வைக்கப்பட்ட கொள்கைக் குறிப்பின் ஓரத்தில், யாஹியாவை இப்போது நெருக்க வேண்டாம் என்று நிக்ஸன் தன் கைப்படவே எழுதினார். ‘வேண்டாம்’ என்பதன் கீழே மூன்று கோடுகள் போட்டிருந்தார். அந்தத் தாள் இன்று எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். டாக்காவிலிருந்து வந்த தந்திகளில் எதை அவர் நம்பவில்லை? எதையும் நம்பாமல் இல்லை. நடப்பது அவருக்குத் தெரியும்.

ஜூன் மாதம் பிளட் டாக்காவிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. வாஷிங்டனில் பணியாளர் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள். முழுத் தூதர் பதவி கடைசிவரை வரவில்லை.

ஒரு நாட்டின் தூதரகமே சாட்சி சொல்லி எடுபடாதபோது மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? முதலில் பத்திரிகையாளர்களின் கதையைப் பார்ப்போம். மார்ச் 25 இரவு டாக்காவிலிருந்த வெளிநாட்டு நிருபர்கள் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலுக்குள் அடைக்கப்பட்டார்கள். பிறகு அவர்களை விமானத்தில் ஏற்றி, குறிப்பேடுகளையும் பிலிம் சுருள்களையும் பறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். டெய்லி டெலிகிராப் நிருபர் சைமன் டிரிங், இருபத்தாறு வயது இளைஞர், ராணுவத்தின் கண்ணில் படாமல் ஹோட்டலிலேயே ஒளிந்துகொண்டார். அசோசியேட்டட் பிரஸ் படக்காரர் மிஷேல் லாரன் உடனிருந்தார். 27ஆம் தேதி ஊரடங்கு சில மணி நேரம் தளர்ந்தபோது இருவரும் நகரைச் சுற்றிப் பார்த்தார்கள். பல்கலைக்கழக விடுதிகளுக்குள் போய்ப் பிணங்களைப் பார்த்தார்கள். டிரிங்கின் கட்டுரை மார்ச் 30 அன்று லண்டனில் வெளியானது. டாக்கா எரிந்ததை நேரில் கண்டு எழுதிய முதல் வெளிநாட்டுச் செய்தி அதுதான்.

அந்த விடுதிகளில் ஒன்றான ஜகந்நாத் ஹாலில் நடந்ததற்கு இன்னொரு சாட்சி உண்டு. எதிர்ப்புறக் குடியிருப்பில் இருந்த பொறியியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நூருல் உலா, மார்ச் 26 காலையில் தன் வீட்டு ஜன்னல் வழியாக வீடியோ கேமராவில் அதைப் பதிவு செய்தார். விடுதி மைதானத்தில் ஆட்களைக் கொண்டு பிணங்களைச் சுமக்க வைத்தார்கள். சுமந்து முடித்தவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படம். ஒரு சத்தம் கேட்டிருந்தால், ஒரு சிப்பாய் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால், அந்தக் குடும்பமே அன்று முடிந்திருக்கும். நாடாவை அவர் மறைத்து வைத்திருந்தார். போர் முடிந்த பிறகுதான் உலகம் அதைப் பார்த்தது.

இந்தியா சும்மா இருந்ததா என்று கேட்கலாம். இருக்கவில்லை. எல்லை தாண்டி வந்தவர்களின் கதைகள் தினமும் அச்சாயின, ஒலிபரப்பாயின. ஆனால் சண்டையில் ஒரு பக்கம் நிற்பவன் சொல்வதை உலகம் பாதிதான் நம்பும். அந்தப் பாதியையும் நாமே கெடுத்துக்கொண்டோம். கிழக்கு வங்கத்தின் ராணுவ ஆளுநர் டிக்கா கான் கொல்லப்பட்டுவிட்டார் என்று அந்த நாட்களில் அகில இந்திய வானொலி சொன்னது. அவரோ உயிரோடு பதவியேற்றுப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு பொய்ச் செய்தி, பக்கத்தில் நிற்கும் நூறு உண்மைச் செய்திகளையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். பாகிஸ்தான் அரசுக்கு வேறென்ன வேண்டும்? எல்லாமே இந்தியப் பிரசாரம் என்று மாதக்கணக்கில் அவர்கள் சொல்லிக்கொண்டிருக்க அது வசதியாகப் போயிற்று.

ஆகவே 1971இல் எடுபட்ட சாட்சியங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. குற்றவாளியின் வீட்டுக்குள்ளிருந்தும், அவனுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தவர்களின் அலுவலகங்களிலிருந்தும் வந்தவையே உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. அவற்றில் ஆகப் பெரியது கராச்சியிலிருந்து வந்தது.

நெவில் ஆண்டனி மாஸ்கரேனாஸ் கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட கிறிஸ்தவர். பெல்காமில் பிறந்து, கராச்சியில் வேரூன்றியவர். மார்னிங் நியூஸ் நாளிதழின் துணை ஆசிரியர். லண்டன் சண்டே டைம்ஸுக்கும் செய்தி அனுப்பிவந்தார். ஏப்ரல் மாதம் பாகிஸ்தான் ராணுவம் எட்டுப் பத்திரிகையாளர்களைப் பொறுக்கியெடுத்து, கிழக்கில் அமைதி திரும்பிவிட்டதைக் காட்டுவதற்காகப் பத்து நாள் சுற்றுப்பயணம் அழைத்துச் சென்றது. தங்கள் ஆட்கள்தானே என்ற நம்பிக்கையில் அதிகாரிகள் அவர்கள் முன் எதையும் மறைக்கவில்லை.

கோமில்லாவுக்குத் தெற்கே ஒரு சிற்றூர். ராணுவ வண்டியைக் கண்டதும் ஒருவன் ஓடினான். அதுதான் அவன் செய்த குற்றம். 24 வயது, ஒல்லியான உடம்பு, பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியபோது நடுங்கிக்கொண்டிருந்தான். வழக்கமாக ஓடும்போதே சுட்டுவிடுவோம், நீங்கள் புதிது என்பதால் விசாரிக்கிறோம் என்று கூட வந்த மேஜர் மாஸ்கரேனாஸுக்கு விளக்கம் சொன்னார். அவன் இந்துவா முஸ்லிமா என்று லுங்கியை அவிழ்த்துப் பார்த்தார்கள். முஸ்லிம்தான். டாக்காவில் தையல் வேலை பார்ப்பவன் என்றும் தெரிந்தது. பத்திரிகையாளர் உடனிருந்ததால் அன்று அவன் தப்பித்தான். அந்த வழியில் ஓடிய மற்றவர்கள் பக்கத்தில் பத்திரிகையாளர் யாரும் இருக்கவில்லை.

கோமில்லா சர்க்யூட் ஹவுஸில் தங்கிய இரவு, அதே வளாகத்துக்குள் ஆட்கள் அடித்துக் கொல்லப்படும் அலறலை அவர் கேட்டார். ஊரடங்கு நேரத்தில், இருட்டில், லாரிகளில் ஆட்களை ஏற்றிச் செல்வதைப் பார்த்தார். பிடித்து வைத்திருந்தவர்களின் பட்டியலில் ஓர் அதிகாரி பென்சிலால் போட்ட குறி ஒருவனின் கதையை முடித்தது. சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு எத்தனை பேர் என்று அதிகாரிகள் கணக்குப் பேசிக்கொண்டார்கள். ஊர்களைக் கொளுத்தப் போவதற்கு அவர்களிடம் தனிப்பெயரே இருந்தது. அவர்கள் குடித்துவிட்டு வெறியில் ஆடும் கூட்டமல்ல. படித்தவர்கள், நன்றாகப் பேசிப் பழகக்கூடியவர்கள். கிழக்கு வங்கத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று அமைதியாக விளக்கினார்கள். தனிப்பட்ட அத்துமீறல் அல்ல, மேலிருந்து வகுத்த கொள்கை இது என்பதற்கு மாஸ்கரேனாஸுக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. அவர்களே வாயால் சொல்லிவிட்டார்கள்.

கூடப்போன ஏழு பேரும் திரும்பி வந்து ராணுவம் கேட்டதை எழுதிக் கொடுத்தார்கள். மாஸ்கரேனாஸால் முடியவில்லை. பார்த்ததை எழுத முடியாவிட்டால் இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னார். தணிக்கை இருந்ததால் பாகிஸ்தானில் எழுத வழியில்லை. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி மே மாதம் லண்டனுக்குப் பறந்தார். நேராக சண்டே டைம்ஸ் ஆசிரியர் ஹரால்ட் எவன்ஸின் அறைக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எவன்ஸ் உடனே போட்டிருக்கலாம். ஆனால் கராச்சியில் மனைவியும் ஐந்து குழந்தைகளும் இருந்தார்கள். முதலில் அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும்.

ஒரு சங்கேதத் தந்தி ஏற்பாடாயிற்று. ஆன் என்பவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தந்தி வந்தால், கிளம்பு என்று அர்த்தம். விடியற்காலை மூன்று மணிக்குத் தந்திக்காரர் ஜன்னலைத் தட்டினார். ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. அம்மாவும் பிள்ளைகளும் இழவு வீடு போல அழுதுகொண்டே மூட்டை கட்டினார்கள். சந்தேகம் வராமலிருக்க மாஸ்கரேனாஸ் லண்டனிலிருந்து கராச்சிக்குத் திரும்பி, குடும்பம் கிளம்பும்வரை இயல்பாக நடமாடிக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு அவர் போவதில் ஒரு சிக்கல் இருந்தது. பாகிஸ்தான் குடிமக்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளிநாடு பறக்கலாம். அவருடைய முறை முடிந்துவிட்டது. தரைவழியாக எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தார். லண்டனில் குடும்பம் ஒன்றுசேர்ந்ததற்கு மறுநாள், 1971 ஜூன் 13 ஞாயிற்றுக்கிழமை, சண்டே டைம்ஸின் நடுப்பக்கங்கள் இரண்டையும் அடைத்துக்கொண்டு அந்தக் கட்டுரை வந்தது. ‘இனப்படுகொலை’ என்று ஒரே சொல்லில் தலைப்பு.

வங்காளிகள் மார்ச்சில் பிகாரிகளையும் பிற வங்காளி அல்லாதவர்களையும் கும்பலாகக் கொன்றதையும் மாஸ்கரேனாஸ் அதே கட்டுரையில் விட்டுவைக்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் அதில் செத்தார்கள். நம்மில் பலர் 1971ஐப் பேசும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவர் தாண்டவில்லை. ராணுவம் செய்தது வேறு அளவு, வேறு வகை என்பதை அவரால் அழுத்திச் சொல்ல முடிந்ததற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம். பாகிஸ்தான் அரசு அவரைத் துரோகி என்றது. ஆனால் பொய்யன் என்று நிரூபிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டுரை தன்னை உலுக்கியதாகவும், ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும் மாஸ்கோவுக்கும் தானே நேரில் போய்ப் பேச அது தூண்டியதாகவும் இந்திரா காந்தி பின்னாளில் எவன்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

மாஸ்கரேனாஸ் பார்த்ததை உலகம் படித்துக்கொண்டிருந்த அதே ஜூன் மாதம், உலக வங்கிக் குழு ஒன்று கிழக்கு வங்கத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். கொடுத்த கடன் என்ன ஆயிற்று, மேற்கொண்டு கொடுக்கலாமா, துறைமுகம் ஓடுகிறதா, சணல் ஆலைகள் இயங்குகின்றனவா என்பதே அவர்களுடைய கேள்விகள். குழுவிலிருந்த டச்சுப் பொருளியலாளர் ஹெண்ட்ரிக் வான் டெர் ஹெய்டன் மேற்குப் பகுதியிலுள்ள குஷ்டியா நகருக்குப் போனார். 40,000 பேர் இருந்த ஊரில் 5,000 பேர் மிஞ்சியிருந்தார்கள். வீடு, கடை, வங்கி என்று கட்டடங்களில் 90 சதவீதம் தரைமட்டம். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசப்பட்ட ஜெர்மானிய நகரம் போல இருந்தது என்று எழுதினார். இவர்கள் நடந்து வருவதைக் கண்டாலே ஜனங்கள் ஓடினார்கள். சாப்பாட்டுப் பொருள் விற்கும் கடை ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டு 90 நிமிடம் அலைந்தும் ஒரு கடைகூடக் கிடைக்கவில்லை.

இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். ஊரின் பொருளாதாரத்தை அளக்க வந்தவர் எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் அளந்தார்: கடைத்தெருவில் அரிசி கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்று எழுதினார். அதை மறுக்க எந்தத் தூதராலும் முடியவில்லை. வங்கித் தலைமை அறிக்கையை வெளியே விட விரும்பவில்லை. ஆனால் அது கசிந்து ஜூலை 13 அன்று நியூயார்க் டைம்ஸில் வந்துவிட்டது. பாகிஸ்தானுக்குக் கடன் கொடுக்கும் நாடுகளின் கூட்டமைப்பு ஜூன் 21 அன்று பாரிஸில் கூடியபோதே புதிய உதவி எதையும் அறிவிக்கவில்லை. அறிக்கை அம்பலமான பிறகு மனம் மாறவும் வழியில்லாமல் போயிற்று. அந்த ஆண்டு பாகிஸ்தான் ராணுவ ஆட்சிக்கு வெளியுலகிலிருந்து விழுந்த வலுவான அடிகளில் இதுவும் ஒன்று.

அமெரிக்க ஆயுதத்தின் கதையும் இப்படித்தான் வெளியே வந்தது. பாகிஸ்தானுக்கு ராணுவத் தளவாடம் போகவில்லை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. ஜூன் 22 அன்று டாட் ஷூல்ஸ் நியூயார்க் டைம்ஸில், அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து சுந்தர்பன்ஸ், பத்மா என்ற பாகிஸ்தான் கப்பல்கள் தளவாடங்களோடு கிளம்புவதை எழுதினார். ஜூலை 14ஆம் தேதி பத்மா பால்டிமோர் துறைமுகத்துக்குள் வந்தபோது, பிலடெல்பியாவின் குவேக்கர் அமைதிக் குழுவினர் சிறு துடுப்புப் படகுகளில் ஏறி அந்தப் பெரிய கப்பலின் பாதையில் போய் நின்றார்கள். காவலர்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கு ஏற்ற மறுத்தார்கள்.

வங்கக் கிராமம் ஒன்றைக் கண்ணால் பார்த்திராத அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது? டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, வெளியேற்றப்பட்டு ஊர் திரும்பிய அமெரிக்க மருத்துவர்களும் அவர்களுடைய மனைவியரும் வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ரோடி தான் கண்டதை ஒஹாயோ செனட்டர் வில்லியம் சாக்ஸ்பிக்குக் கடிதமாக எழுதினார். ஏப்ரல் 29 அன்று அது நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறியது. அதே சாக்ஸ்பியும் செனட்டர் பிராங்க் சர்ச்சும் பாகிஸ்தானுக்கான உதவியை நிறுத்தத் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று கீழவை உதவியை நிறுத்தச் சொல்லி வாக்களித்தது. வெள்ளை மாளிகை அசையவில்லை. ஆனால் அதன் கையை இழுத்துப் பிடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். பிளட்டின் தந்தி எந்த வாசலில் நின்றுபோனதோ அதே அரசின் மற்ற வாசல்களை ஒரு மருத்துவரின் கடிதம் திறந்தது.

ஆகஸ்டில் செனட்டர் எட்வர்ட் கென்னடி வந்தார். கிழக்கு வங்கத்துக்குள் போக பாகிஸ்தான் அனுமதிக்கவில்லை. மேற்கு வங்க, திரிபுரா முகாம்களில் மழையிலும் சேற்றிலும் நடந்தார். அதற்குள் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உப்பு ஏரிப் பகுதியில் கழிவுநீர்க் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. ஜூனில் வந்த காலரா முகாம்களை வாரிக்கொண்டு போயிருந்தது. ஆண்டு முடியும்போது எல்லை தாண்டியவர்கள் ஏறத்தாழ 1 கோடி. ஆக்ஸ்பாம் அமைப்பு அக்டோபரில் அறுபது பேரின் சாட்சியங்களைத் தொகுத்து வெளியிட்டு உலகத் தலைவர்களுக்கு அனுப்பியது. அன்னை தெரசா, கென்னடி, முகாம்களில் வேலை செய்த மருத்துவர்கள், நிருபர்கள் எழுதியிருந்தார்கள். அவசரமாக அச்சிட்ட மெல்லிய வெளியீடுதான்.

இந்தச் சுமையில் நம் வீடுகளுக்கும் பங்கு வந்தது. 1971 நவம்பர் 15 முதல் தபால்களில் வழக்கமான தபால்தலையோடு அகதிகள் நிவாரணத்துக்கென்று 5 காசுத் தபால்தலை ஒன்றும் ஒட்டியாக வேண்டியிருந்தது. புதிதாக அச்சடிக்க நேரமில்லாததால் முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மேலேயே ‘அகதிகள் நிவாரணம்’ என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் குத்தி விற்றார்கள். அந்த நாளின் பழைய கடிதக்கட்டு வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். இன்னொரு தொடர்பு வருத்தமானது. இந்தியா தன் வான்வழியை மூடிவிட்டதால் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போயின. சாதாரண உடையில் சிப்பாய்கள் அவற்றில் இருந்தார்கள்.

ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பொதுச் செயலாளர் ஊ தாண்ட் ஜூலை 20 அன்று பாதுகாப்பு அவைத் தலைவருக்கு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பினார். பாதுகாப்பு அவை இதற்காகக் கூடியது டிசம்பர் 4ஆம் தேதி. முந்தின நாள்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் நேரடிப் போரில் இறங்கியிருந்தன. ஏழரைக் கோடிப் பேரின் தலையில் இடி விழுந்த எட்டு மாதங்கள் உள்விவகாரமாக இருந்தன. இரண்டு அரசுகள் மோதிய மறுநாளே அது உலக அமைதிக்கான அச்சுறுத்தலாகிவிட்டது. அவையின் விதிகளே அப்படித்தான் என்று சட்டம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கம் சரியாகவே இருக்கலாம். எனக்கு அதைக் கேட்டு ஆத்திரம் அடங்குவதில்லை.

டிசம்பர் 16 அன்று டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, தோல்வி நிச்சயம் என்று தெரிந்த பிறகு, பேராசிரியர்களையும் மருத்துவர்களையும் பத்திரிகையாளர்களையும் வீட்டிலிருந்து கண்ணைக் கட்டி இழுத்துச் சென்று கொன்றிருந்தார்கள். ராயர் பஜாரின் செங்கல் சூளைப் பள்ளங்களில் அவர்களுடைய உடல்கள் கிடைத்தன. இந்தமுறை கேமராக்கள் தடுக்கப்படவில்லை.

அதன்பின் எண்ணிக்கைச் சண்டை தொடங்கியது. வங்கதேச அரசு 30 லட்சம் என்றது. பாகிஸ்தானின் ஹமூதுர் ரஹ்மான் விசாரணைக் குழு, ராணுவம் கொடுத்த 26,000 என்ற கணக்கை ஏற்றுக்கொண்டது. ஆய்வாளர்கள் பலர் இரண்டுக்கும் நடுவே சில லட்சங்கள் என்கிறார்கள். ஊர் ஊராகப் போய்ப் பெயர் பெயராக எழுதும் வேலை காலத்தில் நடந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது. ஜெனீவாவிலுள்ள பன்னாட்டு நீதிவல்லுநர் ஆணையம் 1972 ஜூனில் சட்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டது. மாஸ்கரேனாஸின் கட்டுரை போன்ற நேரடிச் சாட்சியங்களை வைத்து, இந்துக்கள் மீது நடந்தவற்றில் இனப்படுகொலைக் குற்றத்துக்கான வலுவான முகாந்திரம் உண்டு என்று சொன்னது. பிகாரிகளுக்கு நடந்ததையும் பதிவு செய்தது.

வங்கதேசம் 1973இல் தனி நீதிமன்றச் சட்டம் இயற்றியது. இந்தியாவின் காவலில் இருந்த 93,000 பேரில் 195 பாகிஸ்தான் ராணுவத்தினரைப் போர்க்குற்றவாளிகளாகப் பிரித்தெடுத்தது. 1974 ஏப்ரல் 9 அன்று டெல்லியில் மூன்று நாடுகளின் அமைச்சர்கள் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். அந்த 195 பேரும் ஊருக்குப் போனார்கள். இதுவரை அவர்களில் ஒருவர்கூட எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. டாக்காவும் டெல்லியும் ஏன் அதற்கு ஒப்புக்கொண்டன, பேரத்தில் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)